நின்று கெடும் வண்டி

தாங்ஸ்கிவிங் நீண்ட வார இறுதியோடு ஒன்ராறியோவில் கம்பிங் காலம் அநேகமாக முடிந்துவிடும். அல்கொன்குவினில் மேப்பிள் இலை சிவப்பதைப் பார்க்கப் போனவர்களும் வீடு திரும்பியாயிற்று. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: அடுத்த மே மாதம் வரை மோட்டார் ஹோமை எப்படிப் பத்திரமாக வைப்பது? ஆகவே இந்த இதழின் பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: ஓடினால்தானே தேய்மானம்? ஆறு மாதம் சும்மா நிற்கிற வண்டிக்கு என்ன வரப்போகுது? (ஸ்காபரோ)

கார் ஓடிக் கெடும், வீட்டு வண்டி நின்று கெடும். எஞ்சினுக்கு வயது கிலோமீற்றரில். மேலே ஏற்றி வைத்திருக்கிற வீட்டுக்கு வயது மழையில். நீங்கள் எட்டிப் பார்க்காத அந்த ஆறு மாதமும் கூரை மூட்டுகள் விரிந்து சுருங்குகின்றன, பற்றரி இறங்குகிறது, பெற்றோல் பழுதாகிறது, ரயர் ஒரே இடத்தில் முழுப் பாரத்தையும் தாங்குகிறது, எலி வாசல் தேடுகிறது.

என் முதல் வண்டி 24 அடி. சாரதி இருக்கைக்கு மேலே கட்டில் முன்னுக்கு நீட்டிக்கொண்டிருக்கிற வகை. ஒக்ரோபரில் பூட்டினேன், ஏப்ரலில் திறந்தேன். மேற்கட்டிலின் மூலையில் மெத்தை ஈரமாக இருந்தது. சுவரை விரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. பலகை உளுத்து ஊறின பாண் மாதிரி இருந்தது. முன் மூட்டில் ஒரு சாண் நீளத்துக்கு சீலன்ற் வெடித்திருந்ததுதான் காரணம். ஒக்ரோபரில் ஏணி வைத்து ஏறிப் பார்த்திருந்தால் கால் மணித்தியால வேலை. மகள் படுக்கிற கட்டில் அது. இருட்டில் ஒளிரும் நட்சத்திரங்களை அவள் அந்தச் சுவரில் ஒட்டியிருந்தாள். அவை பலகையோடு சேர்ந்து கழன்று வந்தன. அதற்குப் பிறகு ஏணியில் ஏறாமல் நான் எந்த வண்டியையும் பூட்டியதில்லை.

கூரை மூட்டு, ஜன்னல் ஓரம், கூரை விசிறியின் விளிம்பு, பின் விளக்குகளின் சுற்று: இந்த நான்கையும் கையால் தடவிப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் உங்கள் கூரை ரப்பரா, பிளாஸ்ரிக்கா, பைபரா என்று பார்த்து அதற்குரிய சீலன்ற் வாங்குங்கள். வன்பொருள் கடையில் குளியலறைக்கு விற்கிற சிலிக்கனைப் பூசவேண்டாம். அது சில வகைக் கூரைகளில் ஒட்டாது. பிறகு அதற்கு மேல் சரியான சீலன்றும் ஒட்டாது.

கேள்வி: அண்ணை, தண்ணித் தாங்கியைத் திறந்து விட்டிட்டன். குழாயிலும் தண்ணி வரேல்லை. இனிப் பயமில்லைத்தானே? (மார்க்கம்)

தாங்கி காலி, தம்பி. வளைவுகள் காலியில்லை. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். பெரிய தாங்கியின் அடியில் கிடக்கிற ஒரு கோப்பைத் தண்ணீருக்கு விரிய இடம் உண்டு. பம்புக்குள்ளும் வால்வுக்குள்ளும் முழங்கை மூட்டுக்குள்ளும் நிற்கிற இரண்டு கரண்டித் தண்ணீருக்கு இடமில்லை. அது பிளாஸ்ரிக்கை உடைத்துத்தான் இடம் எடுக்கும். உடைந்தது உங்களுக்கு ஏப்ரலில்தான் தெரியும், அதுவும் அலுமாரிக்குள் தண்ணீர் பீச்சும்போது.

முதலில் கழிப்பறைக் கழிவு சேரும் கறுப்புத் தாங்கியையும் கழுவு நீர் சேரும் சாம்பல் தாங்கியையும் கழிவு கொட்டும் நிலையத்தில் காலி செய்து அலசுங்கள். அடுத்தது வெந்நீர்த் தாங்கி. அது நன்றாக ஆறி, குழாயைத் திறந்து அழுத்தத்தையும் விட்ட பிறகே அடித் திருகைக் கழற்றவேண்டும். சூட்டோடு கழற்றினால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். வண்டிக்குக் கீழே, குழாய்த் தொடரின் மிகத் தாழ்ந்த இடத்தில் இரண்டு சின்ன வடிகால் குழாய்கள் இருக்கும். அவற்றையும் திறந்து வடிய விட்டு, பிறகு மூடுங்கள்.

இனி இளஞ்சிவப்புத் திரவம், அதாவது ஆர்வி எனப்படும் வீட்டு வண்டிகளுக்கென்று விற்கிற அன்ரிஃபிறீஸ். ஊற்றுவதற்கு முன் வெந்நீர்த் தாங்கியை பைபாஸ் வால்வால் ஒதுக்கிவிடுங்கள். மறந்தால் அந்த 23 அல்லது 38 லீற்றர் தாங்கியையும் திரவத்தால் நிரப்பிக் காசைக் கொட்டுவீர்கள். ஒதுக்கினால் 8 முதல் 12 லீற்றர் போதும். பம்பின் உறிஞ்சு குழாயைப் போத்தலுக்குள் விட்டு, ஒவ்வொரு குழாயாகத் திறவுங்கள். சூடு தனி, குளிர் தனி. இளஞ்சிவப்பு வரும்வரை பொறுங்கள். கழிப்பறையை மிதியுங்கள். கழுவு தொட்டி, குளியல் தொட்டி ஆகியவற்றின் வடிகால் வளைவிலும் ஒரு கோப்பை ஊற்றுங்கள்.

அநேகமானோர் மறப்பது வெளிப்புற ஷவரை. அது வண்டியின் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கோடையில் பிள்ளைகளின் மணல் காலைக் கழுவியதோடு சரி, பிறகு யாருக்கும் நினைவு வராது. குளிருக்கு மட்டும் நினைவிருக்கும்.

காற்றழுத்தியால் ஊதிக் குழாயைக் காய வைப்பவர்களும் உண்டு. செய்யலாம், 50 பிஎஸ்ஐக்கு மேல் போகாதீர்கள். ஆனால் ஊதின பிறகும் பம்புக்குள் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். எங்கள் குளிருக்கு நான் நம்புவது இளஞ்சிவப்பைத்தான்.

கேள்வி: கார் ரேடியேற்றருக்கு ஊத்துற பச்சை அன்ரிஃபிறீஸ் கராச்சில மிச்சம் கிடக்கு. அதையே ஊத்தினால் என்ன? (பிரம்டன்)

ஊற்றவே வேண்டாம். ரேடியேற்றர்த் திரவத்தில் இருப்பது பெரும்பாலும் எதிலீன் கிளைக்கோல். நஞ்சு. நீங்கள் ஊற்றப் போவது உங்கள் பிள்ளை பல் விளக்குகிற குழாயில். புரொப்பிலீன் கிளைக்கோல் என்று எழுதிய ஆர்வி போத்தலை வாங்குங்கள். மிச்சம் கிடக்கிற பச்சையைக் குழந்தைக்கும் நாய்க்கும் எட்டாத உயரத்தில் வையுங்கள். அது இனிக்கும், அதனாலேயே நாய் நக்கிக் குடிக்கும்.

கேள்வி: எந்தத் திகதிக்குள்ள இதெல்லாம் செய்து முடிக்கவேணும்? (ஏஜக்ஸ்)

திகதியைப் பார்க்காதீர்கள், இரவு வெப்பநிலையைப் பாருங்கள். பூச்சியத்துக்குக் கீழே சில மணித்தியாலம் என்று முன்னறிவித்தல் வந்தால் அதற்கு முதல்நாள்தான் கடைசி நாள். ஏரிக்கரையில் உறைபனி பிந்தி வரும், வடக்கே ஒரிலியா பக்கம் முந்தி வரும். வண்டி நிற்கிற ஊரின் குளிர்தான் கணக்கு, நீங்கள் இருக்கிற ஊரின் குளிர் அல்ல.

கேள்வி: நிப்பாட்டேக்க பற்றரி முழுச் சார்ஜ். மார்ச்சில பாத்தால் செத்துப் போச்சு. ஆர் குடிச்சது? (மிசிசாகா)

வண்டிக்குள் தூங்காத சில பேர் இருக்கிறார்கள். காஸ் கசிவு எச்சரிக்கைக் கருவி, ரேடியோவின் நினைவகம், சில படிக்கட்டு மோட்டார்களின் கட்டுப்பாட்டுப் பெட்டி. ஒவ்வொன்றும் குடிப்பது சொட்டுச் சொட்டாக. ஆனால் இரவு பகலாக, ஐந்து மாதம் குடிக்கும்.

ஈயப் பற்றரிக்கு இதில் இரட்டை ஆபத்து. நிறைந்த பற்றரி மைனஸ் 50 பாகை வரை உறையாது. முற்றாக இறங்கியதோ மைனஸ் 7 பாகைக்குக் கிட்டவே உறையத் தொடங்கும், ஏனென்றால் சார்ஜ் இறங்க இறங்க உள்ளே இருக்கிற அமிலம் தண்ணீராகிக்கொண்டே போகிறது. உறைந்தால் பெட்டி வெடிக்கும், தகடு வளையும். அதை வாங்கிய விலைக்கு நீங்கள் அழவேண்டியதுதான்.

துண்டிப்பு ஆளியை அணைப்பது மட்டும் போதாது. சில கருவிகள் அந்த ஆளியைச் சுற்றி நேரே பற்றரியில் கட்டப்பட்டிருக்கும். மறை முனை வயரையே கழற்றிவிடுங்கள். முடிந்தால் பற்றரியை வீட்டுக் கராச்சுக்குக் கொண்டுவந்து, மாதம் ஒருக்கா வோல்ற் பாருங்கள். 12.6 க்கு மேல் என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. 12.4 க்கு வந்ததும் சார்ஜரில் போடுங்கள். எஞ்சின் பற்றரியும் வீட்டுப் பற்றரியும் வேறு வேறு என்பதை மறக்கவேண்டாம். ஒன்றைக் காப்பாற்றி மற்றதைச் சாகவிட்டவர்கள் எத்தனையோ பேர்.

கேள்வி: எங்களுடையது லித்தியம். அதுக்கும் இதேதானா? (ஒட்டாவா)

நேர்மாறு. ஈயத்தை நிறைத்து வைக்கவேண்டும், லித்தியத்தைப் பாதி அளவில் வைத்தால் அது சந்தோஷமாக இருக்கும். ஒரு கட்டளை மட்டும் மீறக்கூடாது: பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றாதீர்கள். உள்ளே சூடாக்கி வைத்த வகை அல்லாவிட்டால், உறைகுளிரில் ஒருமுறை சார்ஜ் ஏற்றினாலே நிரந்தரச் சேதம் வரலாம். நல்ல பற்றரிகளில் அதைத் தடுக்கிற காவல் சுற்று உண்டு. இருந்தாலும் சூரியத் தகட்டின் இணைப்பையும் கழற்றிவிடுங்கள். ஜனவரி வெயில் உங்களைக் கேட்டுவிட்டு அடிப்பதில்லை.

கேள்வி: கிழமைக்கு ஒருக்கா பத்து நிமிஷம் ஸ்ரார்ட் பண்ணி வைக்கிறன். நல்லதுதானே? (வோன்)

மனதுக்கு நல்லது, எஞ்சினுக்கு இல்லை. பத்து நிமிஷத்தில் எரிபொருள் எரிந்து நீராவி உண்டாகும், ஆனால் அதை வெளியே துரத்துகிற அளவுக்கு எண்ணெயும் புகைக்குழாயும் சூடாகாது. ஈரம் உள்ளேயே படியும். ஸ்ரார்ட் பண்ண எடுத்த சார்ஜும் முழுதாகத் திரும்பி ஏறாது. ஒன்றில் அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் வீதியில் ஓட்டுங்கள், இல்லையென்றால் வசந்தம் வரை தொடாதீர்கள். பூட்டுவதற்கு முன் எண்ணெய் மாற்றுவது இதைவிடப் பெரிய உபகாரம், பழைய எண்ணெயில் சேர்ந்த அமிலம் குளிர்காலம் முழுக்க உலோகத்தில் ஊறாது.

கேள்வி: பெற்றோல் தாங்கியைக் காலியாக விடுவதா, நிரப்பி விடுவதா? (பிக்கரிங்)

நிரப்பி. வெற்றிடம் கூடினால் அதற்குள் ஈரக்காற்றும் கூடும். இங்கே சாதாரண பெற்றோலில் எதனோல் கலந்தே வருகிறது, எதனோல் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எதனோலும் சேர்ந்து அடியில் தனியே இறங்கிவிடும். ஆகவே எரிபொருள் காப்புத் திரவத்தை முதலில் ஊற்றி, பிறகு பெற்றோல் நிரப்பி, வீடு திரும்பும் தூரத்தை ஓடுங்கள். அது தாங்கியில் மட்டும் இருந்து பயனில்லை, எஞ்சின் வரை போகவேண்டும்.

ஜெனறேற்றரும் அதே தாங்கியிலிருந்துதான் குடிக்கிறது. அதையும் ஏர்கண்டிஷன் போன்ற ஒரு பாரத்தோடு சேர்த்து ஓடவிடுங்கள். இரண்டு மூன்று மாதம் அசையாமல் கிடந்த கார்புரேற்றருக்குள் பெற்றோல் பிசினாகிவிடும். ஓட்டிக் கெட்ட ஜெனறேற்றரை நான் அதிகம் கண்டதில்லை, ஓட்டாமல் கெட்டவற்றைத்தான் கண்டிருக்கிறேன்.

கேள்வி: எலி! எலி! எலி! ஏதாவது சொல்லுங்கோ. (விற்பி)

மூன்று தரம் கூப்பிட்டதிலேயே பட்ட பாடு தெரிகிறது, அக்கா. விரிவாகவே சொல்கிறேன்.

சுண்டெலிக்கு 6 மில்லிமீற்றர் இடைவெளி போதும். ஒரு பென்சில் நுழைகிற ஓட்டையில் அது நுழையும். ஆகவே மருந்தைத் தேடுவதற்கு முன் ஓட்டையைத் தேடுங்கள். ஒருவர் உள்ளே இருட்டில் இருக்கட்டும், மற்றவர் வண்டிக்குக் கீழே படுத்து ரோச் அடிக்கட்டும். உள்ளே எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கேதான் வாசல். கழுவு தொட்டிக்குக் கீழே குழாய் இறங்குகிற இடம், மின்கம்பி நுழைகிற பெட்டி, வெளியே நீட்டித் திறக்கிற அறையின் மூலைகள், எஞ்சினுக்கும் சாரதி காலடிக்கும் இடையே இருக்கிற சுவர்: இவைதான் வழமையான வழிகள். உருக்குப் பஞ்சையோ செப்பு வலையையோ திணித்து மேலே சீலன்ற் பூசுங்கள். வெறும் நுரை அடித்தால் எலி அதைக் கடித்துத் துப்பிவிட்டுப் போகும். உருக்குப் பஞ்சு ஈரத்தில் துருப்பிடிக்கும், வெளிப்புறத்துக்குச் செப்பு நல்லது.

அடுத்தது அழைப்பிதழை நிறுத்துவது. அரிசி, பருப்பு, பிஸ்கற் மட்டுமல்ல. சவர்க்காரத் துண்டு, மெழுகுதிரி, கடதாசித் துவாய்ச் சுருள், நாய்த் தீனி, எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். தலையணையும் கம்பளியும் எலிக்குக் கூடு கட்டும் பஞ்சு. இருக்கைக்கு அடியில் பிள்ளைகள் சிந்திய மிக்சரையும் முறுக்குத் தூளையும் உறிஞ்சி எடுங்கள். எங்கள் வண்டிகளில் இந்த வேலை கொஞ்சம் கூட.

பிறகு பொறி. விஷம் வைப்பதை நான் விரும்புவதில்லை. அதைத் தின்ற எலி சுவருக்குள் போய்ச் செத்தால் அந்த நாற்றத்தோடு மே மாதம் முழுக்க நீங்கள் வாழவேண்டும். அதைப் பிடித்துத் தின்கிற ஆந்தைக்கும் கேடு.

வசந்தத்தில் புழுக்கை கண்டால் தும்புத்தடி எடுக்காதீர்கள், வக்யூமும் போடாதீர்கள். மான் சுண்டெலி எனப்படும் வகை ஹன்ரா வைரசைக் காவும். கனடாவில் நோய் கண்டவர்களில் பெரும்பாலானோர் மேற்கு மாகாணங்களில்தான், ஆனால் அந்த எலி இங்கேயும் உண்டு. தூசு கிளம்புவதுதான் ஆபத்து. கதவு ஜன்னலைத் திறந்து அரை மணித்தியாலம் காற்றோட விட்டு, கையுறையும் முகக்கவசமும் போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, சில நிமிஷம் ஊறவிட்டு, கடதாசித் துவாயால் துடைத்து எடுங்கள்.

கேள்வி: பூச்சி உருண்டை போட்டால் எலி ஓடும் எண்டு சொல்லினம். உண்மையா? (ரொறன்ரோ)

எலி நிற்கும், மணமும் நிற்கும். அந்த உருண்டை மூடிய பெட்டிக்குள் உடுப்புக்கு வைப்பதற்கு. திறந்த இடத்தில் போட்டால் அதன் ஆவி மெத்தையிலும் திரையிலும் ஊறி, கோடையில் பிள்ளைகளின் நுரையீரலுக்குப் போகும்.

கேள்வி: ரின் சாமான்களை விடலாம்தானே? தேங்காய்ப்பால், மீன் ரின் எல்லாம் எலி கடிக்காதே. (ஸ்காபரோ)

எலி கடிக்காது, குளிர் கடிக்கும். ரின்னுக்குள் இருப்பதும் தண்ணீர்தான். உறைந்து வீங்கினால் மூட்டு திறக்கும், உருகும்போது கிருமி நுழையும். வீங்கின ரின் எதையும் சுவைத்துக்கூடப் பார்க்காமல் எறியுங்கள். ஊறுகாய்ப் போத்தல், சோடா, பாத்திரம் கழுவுகிற திரவம், எல்லாம் வீட்டுக்கு. குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்துக் காயவைத்து, கதவு மூடாதபடி ஒரு துவாயைச் சுருட்டி இடையில் வையுங்கள். மூடிய பெட்டிக்குள் பூஞ்சணம் ஒரு மாதத்தில் குடியேறிவிடும். சுவாமிப் படத்துக்கு முன்னால் தொங்குகிற எலுமிச்சம்பழத்தையும் கழற்றுங்கள். அடுத்த பயணத்துக்குப் புதிதாகக் கட்டலாம்.

கேள்வி: நீலத் தறப்பாளால மூடி இறுக்கிக் கட்டினால் மழை பனி ஒண்டும் அணுகாது. சரிதானே? (கேம்பிரிட்ஜ்)

மழை வெளியே நிற்கும், ஈரம் உள்ளே நிற்கும். பிளாஸ்ரிக் தறப்பாள் மூச்சு விடாது. பகலில் சூடாகி இரவில் குளிர, அதன் அடிப்பக்கம் வியர்த்து வண்டி மேல் வடியும். காற்றடிக்கும் ஒவ்வொரு முறையும் அதன் உலோகக் கண் உங்கள் பெயின்ற்றை அரத்தால் ராவுவது போல ராவும். வாங்குவதானால் மூச்சு விடும் துணி உறை வாங்குங்கள், கூரையின் கூர் முனைகளுக்கு மெத்தை வைத்துப் போர்த்துங்கள். அதற்கு வசதியில்லையென்றால் நல்ல மூட்டுகளோடு வெறும் கூரையே தறப்பாளைவிட மேல்.

உள்ளே கல்சியம் குளோரைட் டப்பாக்கள் இரண்டு வையுங்கள், கழுவு தொட்டிக்குள் வைத்தால் சிந்தினாலும் பயமில்லை. உறைகுளிரில் காற்றில் ஈரம் குறைவு. ஈரம் அதிகம் படிவது நவம்பரிலும் மார்ச்சிலும்தான். அப்போது போய் ஊற்றிவிட்டுப் புதிதாக வையுங்கள். வெளித்திரைத் துணியைக் காய்ந்த பிறகே சுருட்டவேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? ஈரத்தோடு சுருட்டினதை விரிக்கும்போது வருகிற கறுப்புப் புள்ளி பிறகு போகாது.

கேள்வி: வீட்டு முன்றலில நிப்பாட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் நகரசபைக்குச் சொல்லிப்போடுவினமோ? எங்க விடுறது நல்லது? (பிரம்டன்)

பக்கத்து வீட்டாரைக் கேட்கும் முன் உங்கள் நகரத்தின் துணைவிதியைக் கேளுங்கள். நகரத்துக்கு நகரம் விதி மாறும். நீளம், உயரம், எந்த மாதங்கள், வீட்டுக்கு முன்னாலா பக்கத்திலா என்றெல்லாம் நிபந்தனை உண்டு. வீதி என்றால் யோசிக்கவே வேண்டாம். ரொறன்ரோவில் அறிவித்தல் பலகை இல்லாத தெருவிலும் 3 மணித்தியாலத்துக்கு மேல் நிறுத்த முடியாது. பனி அள்ளும் வாகனம் வருகிற தெருவில் 24 அடி வண்டி நிற்பது அயலவருக்கும் நியாயமில்லை.

வெளியே வாடகைக்கு எடுப்பதானால் வழி பல. வேலி போட்ட திறந்த முற்றம் மலிவு. கூரை மட்டும் போட்ட கொட்டகை அதற்கு மேல். மூடிய, சூடேற்றாத கட்டடம் அதற்கும் மேல். சூடேற்றியது எல்லாவற்றிலும் விலை. என்னைக் கேட்டால் சூடேற்றாத மூடிய கட்டடம்தான் காசுக்கு ஏற்ற இடம். குளிரை அந்த இளஞ்சிவப்புத் திரவம் பார்த்துக்கொள்ளும், கூரையில் மழையும் வெயிலும் படாததுதான் வண்டிக்கு ஆயுள். நகரத்துக்கு வெளியே விவசாயிகள் தங்கள் பெரிய களஞ்சியங்களையும், சில ஊர்களில் விவசாயக் கண்காட்சி மைதானங்கள் தங்கள் மண்டபங்களையும் குளிர்காலத்துக்கு வாடகைக்கு விடுகின்றன. அங்கே ஒரு நிபந்தனை: ஒக்ரோபரில் உள்ளே போனால் ஏப்ரலில்தான் வெளியே. உங்கள் வண்டிக்கு முன்னால் பத்து வண்டி நிற்கும், இடையில் எடுக்க முடியாது.

பணம் கட்ட முதல் நேரே போய்ப் பாருங்கள். மழை பெய்த மறுநாள் போனால் இன்னும் நல்லது, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று நிலமே சொல்லும். சரளைக் கல் தரையா? கதவின் உயரம் உங்கள் கூரை ஏர்கண்டிஷனையும் சேர்த்து விடுமா? இரவில் வெளிச்சம் உண்டா? கமரா இருக்கிறதென்றால் அதன் பதிவை யார் பார்க்கிறார்கள்? மாடத்தில் புறா இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். ஒப்பந்தத்தில் சேதத்துக்கு யார் பொறுப்பு என்ற வரியை இரண்டு தரம் படியுங்கள். அநேகமாக அவர்கள் பொறுப்பில்லை என்றுதான் இருக்கும்.

புல் தரை வேண்டாம். கீழிருந்து ஈரம் ஏறும், அடிச்சட்டம் துருப்பிடிக்கும், எலிக்கும் புல் வசதி.

கேள்வி: ஆறு மாதம் ஓடாத வண்டிக்கு ஏன் இன்சூரன்ஸ் கட்டவேணும்? முழுக்க நிப்பாட்டினால் என்ன? (மில்டன்)

முழுக்க நிறுத்தினால் களவுக்கும் நெருப்புக்கும் விழுகிற மரத்துக்கும் நீங்களே இன்சூரன்ஸ். ஒன்ராறியோவில் இதற்கென்றே ஓபிசிஎஃப் 16 என்றொரு இணைப்பு உண்டு. வீதியில் ஓட்டுவதற்கான காப்பு நின்று, நிற்கிற வண்டிக்கான காப்பு தொடரும். வசந்தத்தில் 17 ஆம் இணைப்பால் மீளத் தொடங்குவது. உங்கள் முகவரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அந்த இடைக்காலத்தில் ஒரு தெரு தள்ளி நிறுத்துவதற்குக்கூட வண்டியை வீதியில் இறக்கக்கூடாது.

கேள்வி: கள்ளரை எப்பிடித் தடுக்கிறது? (மார்க்கம்)

தடுப்பது கடினம், சலிப்பூட்டுவது சுலபம். கண்ணுக்குத் தெரிகிற ஸ்ரீரிங் பூட்டு ஒன்று, சில்லுக்கு இரும்புப் பூட்டு ஒன்று, ஒளித்து வைத்த இருப்பிடம் காட்டும் கருவி ஒன்று. தொலைக்காட்சியைக் கழற்றி எடுத்து, அலுமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். எடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று ஜன்னலால் பார்த்தாலே தெரியட்டும், கதவை உடைக்கும் செலவு மிச்சம். வாகனப் பதிவுப் பத்திரத்தையும் மாற்றுச் சாவியையும் வண்டிக்குள் விடாதீர்கள்.

கேள்வி: காஸ் சிலிண்டர்? (குவெல்ஃப்)

வால்வை மூடுங்கள். கழற்றக்கூடியது என்றால் கழற்றி, மூடி போட்டு, வெளியே நிமிர்த்தி வையுங்கள். கராச்சுக்குள்ளும் நிலக்கீழ் அறைக்குள்ளும் வைக்கவே கூடாது. புரொப்பேன் காற்றைவிடப் பாரம், கசிந்தால் தரையோடு தவழ்ந்து தாழ்ந்த மூலையில் தேங்கி ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும்.

கேள்வி: ரயர் பூ தேயவே இல்லை, பத்து வருஷம் ஆகுது. இன்னும் ஓடலாம்தானே? (விண்ட்சர்)

ஐயா, மாற்றுங்கள். மோட்டார் ஹோம் ரயர் தேய்ந்து சாவதில்லை, வயது போய்ச் சாகிறது. பக்கச் சுவரில் டி.ஓ.ரி. என்ற எழுத்துகளோடு தொடங்குகிற வரியின் கடைசி நான்கு இலக்கம் அதன் பிறந்த நாள். 2316 என்றால் 2016 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். ஐந்து வருஷத்துக்குப் பிறகு வருஷா வருஷம் ஆள் வைத்துப் பார்க்கவேண்டும். பூ எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் பத்து வருஷத்தோடு கணக்கு முடிக்கவேண்டும். 401 நெடுஞ்சாலையில் முன் ரயர் வெடித்தால் ஸ்ரீரிங் உங்கள் கையில் இருக்காது.

நிறுத்தும்போது பக்கச் சுவரில் எழுதிய உச்ச அளவு வரை காற்றடித்து, ரயருக்குக் கீழே ரயரைவிட அகலமான பலகை வைத்து, வெயில் படாமல் உறை போடுங்கள். கைபிறேக்கை இழுத்து வைக்காதீர்கள், துருவில் ஒட்டிக்கொள்ளும். முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

கேள்வி: கூரையில ஒரு அடி பனி நிக்குது. ஏறித் தள்ளட்டோ? (பரி)

ஏறாதீர்கள். பனி மூடிய கூரையில் எது விசிறி மூடி, எது விளிம்பு என்று தெரியாது. 24 அடி வண்டியின் கூரையில் ஒரு அடி ஈரப் பனி ஒரு தொன்னைத் தாண்டலாம், ஆகவே விட்டுவிடவும் கூடாது. கீழே நின்று, நீளத் தடியில் பூட்டிய மென்மையான நுரைத் தட்டால் இழுங்கள். அடியில் கடைசி இரண்டு அங்குலத்தை அப்படியே விடுங்கள். ஐஸைச் சுரண்டினால் கூரை கிழியும்.

கேள்வி: இவர் கிழமைக்குக் கிழமை போய் வண்டியைப் பாத்திட்டு வாறார். வருத்தம் பாக்கப் போற மாதிரி. இது தேவையோ? (ஸ்காபரோ)

மாதம் ஒருக்கா போதும், பெருமழைக்கும் பெரும்பனிக்கும் பிறகு ஒருக்கா. ஆனால் நீங்களும் கூடப் போங்கள், தங்கச்சி. கதவைத் திறந்ததும் முதலில் மூக்கால் பாருங்கள். ஈரப் பலகை மணம், எலி மணம், காஸ் மணம், மூன்றும் கண்ணுக்கு முன் மூக்குக்குத்தான் தெரியும். மூலைகளைக் கையால் அழுத்துங்கள், அலுமாரிக்கு உள்ளேயும். பொறியைப் பாருங்கள். கோடையில் எங்கே போவது என்ற பேச்சும் அந்த அரை மணித்தியாலத்தில் வரும். கில்பேர் மாகாணப் பூங்காவுக்கு நாங்கள் போனதே அப்படி ஒரு பெப்ரவரிப் பேச்சில் முடிவானதுதான்.

கேள்வி: வருஷத்தில மூன்று கிழமை ஓட இவ்வளவு பாடா? வித்துப்போட்டு வாடகைக்கு எடுத்தால் என்ன? (மொன்றியல்)

மூன்று கிழமைதான் என்றால் வாடகை மலிவு. தரிப்பிட வாடகை, இன்சூரன்ஸ், ரயர், பற்றரி எல்லாவற்றையும் கூட்டி ஓடிய இரவுகளால் பிரித்துப் பாருங்கள். ஆறு கிழமைக்கு மேல் ஓடுபவர், அல்லது வீட்டில் வயதானவருக்கோ விசேட தேவையுள்ள பிள்ளைக்கோ தன் கட்டிலும் தன் கழிப்பறையும் கூட வரவேண்டியவர், வைத்திருக்கட்டும். வைத்திருந்து பராமரிக்காமல் விடுவதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை. வீடு வாங்க முன்னமே கனவோடு வண்டி வாங்கிய குடும்பங்கள் நம்மில் உண்டு. வேலிக்குள் பாசி படிந்து, ரயர் நிலத்தில் புதைந்து நிற்கிற வண்டியைக் காணும்போதெல்லாம் அதில் போகாத பயணங்களும் சேர்ந்து தெரிகின்றன.

கேள்வி: சரி, ஏப்ரல் வந்திட்டுது எண்டு வையுங்கோ. முதல் வேலை என்ன? (மார்க்கம்)

விக்டோரியா தின வார இறுதிக்கு முதல்நாள் அல்ல, மூன்று கிழமைக்கு முன்னம் தொடங்குங்கள். உடைந்தது ஏதும் இருந்தால் திருத்துபவர்கள் அந்தக் காலத்தில் கைநிறைய வேலையோடு இருப்பார்கள்.

நல்ல தண்ணீரை விட்டு, இளஞ்சிவப்பு போய்த் தெளியும்வரை எல்லாக் குழாயையும் ஓடவிடுங்கள். பம்பை அழுத்தத்தில் வைத்துவிட்டு அமைதியாக இருந்து கேளுங்கள். எந்தக் குழாயும் திறக்காமல் பம்ப் தானாக ஓடினால் எங்கோ கசிகிறது. பிறகு 60 லீற்றர் தண்ணீருக்குக் கால் கோப்பை மணமில்லாத பிளீச் என்ற கணக்கில் தாங்கியில் கலந்து, பைபாஸைத் திறந்து, வெந்நீர்த் தாங்கி உட்பட எல்லா வழியிலும் பிளீச் மணம் வரும்வரை ஓடவிட்டு, இரவு முழுக்க நிற்கவிடுங்கள். தண்ணீர் நிரம்பு முன் வெந்நீர் ஹீற்றரைப் போடவேண்டாம், கம்பி கருகிவிடும். மறுநாள் வடித்து, மணம் முற்றாகப் போகும்வரை இரண்டு மூன்று தரம் அலசுங்கள். காஸ் எச்சரிக்கைக் கருவிக்கும் காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவிக்கும் காலாவதித் திகதி உண்டு, பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். வெப்பமூட்டியின் வெளிப்புறத் துளையில் குளவி மண்கூடு கட்டியிருக்கலாம், அதைக் கிண்டி எடுத்த பிறகே பற்றவையுங்கள்.

கடைசி அலசல் தண்ணீரை ஒரு கண்ணாடிக் கோப்பையில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள், மணந்து பாருங்கள். நிறமும் மணமும் இல்லையென்றால் கேத்திலை அடுப்பில் வைத்து முதல் தேத்தண்ணியைப் போடுங்கள்.